ஓதமும் ஐபி மோதலும்: கோத்தகிரியில் ஒரு பிளேஸ்டேஷன் 2 லேன் இணைப்பைச் சரிசெய்த பதிவு

மாற்றியமைத்த பழைய கன்சோலை வீட்டு நெட்வொர்க்கில் கோத்தால், ஓடும் வரை ஓடும், நின்றுபோனால்தான் தலைவலி. திரையில் ஒரு வரி பிழைச் செய்தி வரும், இல்லையென்றால் ஒன்றுமே சொல்லாமல் கறுப்பாக உறைந்து நிற்கும். அப்போது பலரும் ஐபி (நெட்வொர்க்கில் கருவியின் முகவரி எண்), கேபிள், கணினி, ரூட்டர் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிப் பார்ப்பார்கள். எது சரியாக இருந்தது, எது கெட்டுப்போயிருந்தது என்பது அதற்குப் பிறகு யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டு பிளேஸ்டேஷன் 2 ஒரு மழைக்காலம் முழுக்க இப்படி இழுத்தடித்தது. கடைசியில் பார்த்தால் மூன்று கோளாறுகள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. அவற்றை எப்படித் தனித்தனியாகப் பிரித்துப் பிடித்தோம் என்பதை எழுதிவைக்கிறேன். இதே கன்சோலை வைத்துத் திண்டாடுகிறவர்களுக்கு உதவும்.

கன்சோல் என் அக்கா மகனுடையது. சோனியின் ஸ்லிம் வகை, 77000 வரிசை. 2004-இல் வந்த ஸ்லிம் மாடலிலிருந்துதான் நெட்வொர்க் கேபிளை மாட்டும் லேன் போர்ட் பெட்டியிலேயே சேர்ந்து வந்தது. அதற்கு முந்தைய பருமனான மாடலுக்கு நெட்வொர்க் அடாப்டரைத் தனியாக வாங்கிப் பின்னால் மாட்ட வேண்டும்.

வீடு கோத்தகிரியில், டானிங்டன் பக்கம். இங்கே எலக்ட்ரானிக் சாமான் எதற்கும் முதல் எதிரி ஓதம். கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிப்பது நீலகிரியில் சர்வசாதாரணம்; அதற்காகவே பீரோவுக்குள் சின்ன பல்பு ஒன்றை எரியவிட்டு வைப்பவர்கள் உண்டு. கன்சோலில் டிஸ்க் படிக்கும் லென்ஸும் அப்படித்தான் மங்கியது. துடைத்துப் பார்த்தோம், கொஞ்ச நாள் ஓடியது, அப்புறம் லேசரே சோர்ந்துவிட்டது. புது லேசர் தேடி அலைவதைவிட, அவனிடம் இருந்த டிஸ்க்குகளை ஐஎஸ்ஓ கோப்புகளாக, அதாவது டிஸ்க்கின் முழு நகல்களாக, எடுத்துவைத்து, டிஸ்க் இல்லாமலே ஓட்டுவது மேல் என்று முடிவு செய்தோம்.

மாற்றம் என்றால் உள்ளே சால்டரிங் ஏதும் இல்லை. 8 எம்பி மெமரி கார்டில் ஃப்ரீ மெக்பூட் என்ற மென்பொருளை ஏற்றியிருக்கிறது. கன்சோல் ஆன் ஆகும்போதே அது விழித்துக்கொண்டு, ஓபன் பிஎஸ்2 லோடரைத் திறந்துவிடும். சுருக்கமாக ஓபிஎல். விளையாட்டுக் கோப்புகளை யூஎஸ்பி டிரைவிலிருந்தும் எடுக்கலாம், லேன் வழியாக ஒரு கணினியிலிருந்தும் எடுக்கலாம்.

யூஎஸ்பி எங்களுக்குச் சரிப்படவில்லை. பிளேஸ்டேஷன் 2-இல் இருப்பது யூஎஸ்பி 1.1. அதன் உச்ச வேகமே நொடிக்கு 12 மெகாபிட், அதாவது ஒன்றரை மெகாபைட். அந்தக் கன்சோலின் டிவிடி டிரைவோ நொடிக்கு ஐந்து மெகாபைட்டுக்கு மேல் படிக்கக்கூடியது. விளையாட்டை எழுதியவர்கள் அந்த டிரைவை மனதில் வைத்து எழுதியதால், யூஎஸ்பியில் போட்டால் நடுவில் வரும் வீடியோக் காட்சிகள் விக்கி விக்கி ஓடும். லேன் போர்ட் 100 மெகாபிட். கன்சோலுக்குள் நெட்வொர்க்கைக் கவனிக்கும் செயலி சிறியது என்பதால் முழு வேகம் கிடைக்காது. ஆனாலும் யூஎஸ்பியைவிட நன்றாகவே இருக்கும்.

சரி, இணைப்பு எப்படி இருந்தது? ரூட்டர் முன்னறையில். டிவியும் கன்சோலும் பின்கட்டு அறையில். லேன் கேபிள் முன்னறை ஜன்னல் வழியாக வெளியே போய், தகரக் கூரையின் ஓரத்தை ஒட்டியே ஓடி, பின்னறைக்குள் இறங்குகிறது. நீளம் போதாததால் வழியில் இரண்டு கேபிள்களை ஒரு கப்ளர் போட்டுச் சேர்த்திருந்தார்கள். விளையாட்டுக் கோப்புகள் பழைய விண்டோஸ் 10 லேப்டாப் ஒன்றில் இருந்தன.

கோடையில் எல்லாம் நன்றாக ஓடியது. ஐப்பசி பிறந்ததும் தகராறு ஆரம்பம். கோத்தகிரிக்குத் தென்மேற்குப் பருவமழை அவ்வளவாக வராது, தொட்டபெட்டா மலைத்தொடர் மறித்துவிடும். எங்களுக்குக் கனமழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான். சாயங்காலம் மூடுபனி இறங்கியதும் கன்சோல் இணையவில்லை என்பான் அக்கா மகன். காலையில் சரியாக இருக்கும். மழை பெய்தால் விளையாட்டு பாதியில் உறையும். "பனி இறங்கினா இந்த வீட்டுல எதுவுமே ஓடாது" என்று அம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார். அதில் பாதி உண்மை இருந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓபிஎல் நெட்வொர்க்கைத் தொடங்கும்போது படிப்படியாகப் போகிறது. கேபிளில் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறது. பிறகு நாம் கொடுத்த முகவரியில் உள்ள, கோப்புகளைத் தரும் கணினியான சர்வரைக் கூப்பிடுகிறது. பிறகு அதில் உள்நுழைகிறது. பிறகு பகிர்ந்த ஃபோல்டரைத் திறக்கிறது. கடைசியாக விளையாட்டுப் பட்டியலை எடுக்கிறது. எந்தப் படியில் விழுந்ததோ அதற்கேற்ற செய்திதான் திரையில் வரும். அந்த ஒரு வரியைப் படிக்காமல் எரிச்சலில் வட்டப் பொத்தானை அழுத்தி மூடிவிடுகிறோம். அக்கா மகனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "டேய், அடுத்த தடவை வந்தா மூடாதே. போன்ல படம் எடுத்து வை. மணி என்ன, வெளியே மழையா வெயிலா, வீட்ல யார் யார் இருந்தாங்க, அதையும் எழுது."

அவன் ஒழுங்காக எழுதினான். அந்தத் தாளை வைத்துத்தான் எல்லாம் தெளிந்தது. மூன்று விதமான தோல்விகள் இருந்தன. சில நேரம் சர்வரோடு பேசவே முடியவில்லை என்ற செய்தி. சில நேரம் பட்டியல் வரை வந்து, பிறகு திடீரென்று தொடர்பு அறுந்துபோவது. இது சாயங்காலங்களில், மழை இல்லாத நாளிலும்கூட. மூன்றாவது, பட்டியல் அழகாக வரும், விளையாட்டைத் தேர்ந்தெடுத்ததும் ஏறும் நிலையிலேயே உறைந்துவிடும். இது மழை பெய்தால் காலையிலும் நடந்தது. மூன்றுக்கும் காரணம் ஒன்றே என்று வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்கவே கிடைக்காது.

முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஓபிஎல் கோப்புகளை எடுப்பது எஸ்எம்பி என்ற பகிர்வு முறையின் முதல் பதிப்பில். 2017 இலையுதிர் காலத்தில் வந்த 1709 பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 அதைத் தானாக நிறுவுவதில்லை. அமைப்புகளில் போய் நாமே டிக் போட்டு இயக்கலாம். ஆனால் அதன் பக்கத்திலேயே தானியங்கி நீக்கம் என்று இன்னொரு டிக் இருக்கிறது. அது இருந்தால், கணினி அணைந்திருந்த நேரம் போக மொத்தம் 15 நாள் அந்தப் பதிப்பை யாரும் பயன்படுத்தவில்லை என்றதும் விண்டோஸ் அதைக் கழற்றிவிடும். பரீட்சை நேரத்தில் கன்சோலை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, முடிந்ததும் எடுத்தால் "போன மாசம் ஓடிச்சு, இப்ப ஓடல" என்று வருவது இதனால்தான். அந்த டிக்கை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

ஆனாலும் நான் அந்த வழியில் போகவில்லை. 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற தீம்பொருள் இந்த முதல் பதிப்பின் ஓட்டையில்தான் புகுந்தது. வீட்டுக் கணக்கும் வங்கி வேலையும் நடக்கிற லேப்டாப்பில் அதைத் திறந்து வைக்க எனக்கு மனமில்லை. சும்மா கிடந்த ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றில் (இனி சுருக்கமாக 'பை') லினக்ஸ் போட்டு, கோப்புகளைப் பகிரும் சாம்பா மென்பொருளை நிறுவி, கோப்புகளை அதோடு இணைத்த ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினேன். 2019-இல் வந்த சாம்பா 4.11 முதல் அதுவும் முதல் பதிப்பை இயல்பாக ஏற்பதில்லை. எனவே அமைப்புக் கோப்பின் பொதுப் பகுதியில் சர்வரின் குறைந்தபட்ச புரோட்டோகாலை என்டி1 (அந்த முதல் பதிப்பின் பெயர்) என்று வைக்க வேண்டும். கூடவே, கன்சோலின் ஐபி தவிர வேறு எந்தக் கருவியும் அதற்குள் நுழையக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தேன். இந்த இரண்டாவது வரியை யாரும் விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பை பெட்டியை ரூட்டர் பக்கத்திலேயே வைத்து, குட்டைக் கேபிளில் கோத்துவிட்டேன்.

அப்புறம் வந்தது சாயங்காலக் கோளாறு. இதுதான் எனக்கு மிகவும் சுவாரசியமானது.

பிங் என்பது ஒரு கருவிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்ப்பது. பட்டியல் திரையில் இருக்கும்போது ஓபிஎல் பிங் கேட்டால் பதில் சொல்லும். விளையாட்டு ஓடும்போதுள்ள நிலையை வைத்துப் பிங் செய்து முடிவுக்கு வர வேண்டாம். பட்டியல் திரைதான் சோதிக்க ஏற்ற இடம். கன்சோலுக்கு 192.168.1.10 என்று நிலையான ஐபி கொடுத்திருந்தது. தொடர்பு அறுந்த ஒரு சாயங்காலம், பையிலிருந்து அந்த எண்ணுக்குப் பிங் அடித்தேன். பதில் வந்தது. அப்படியென்றால் கன்சோல் நெட்வொர்க்கில் இருக்கிறது, பிறகு ஏன் ஓபிஎல் தவிக்கிறது? அக்கா மகனைக் கன்சோலின் பிளக்கையே பிடுங்கச் சொன்னேன். பிடுங்கினான். பிங்குக்குப் பதில் வந்துகொண்டே இருந்தது!

கரண்டே இல்லாத பெட்டி பதில் சொல்லாது. அந்த எண்ணில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். எந்த ஐபி எந்தக் கருவியிடம் இருக்கிறது என்று காட்டும் ஏஆர்பி பட்டியலைத் திறந்து 192.168.1.10-க்கு நேரே இருந்த மேக் முகவரியை (நெட்வொர்க் கருவியின் அடையாள எண்) பார்த்தேன். கன்சோலின் மேக் முகவரி அது இல்லை. அதன் இரண்டாவது இடத்தில் ஏ என்ற எழுத்து இருந்தது. பதினாறடிமானத்தில் (0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் வரை) எழுதும் மேக் முகவரியின் இரண்டாவது இடத்தில் 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்று வந்தால், அது தொழிற்சாலையில் பொறித்த முகவரி இல்லை, கருவி தானே வைத்துக்கொண்ட முகவரி. இன்றைய போன்கள் வைஃபையில் சேரும்போது தனியுரிமைக்காக இப்படித்தான் செய்கின்றன. ஆக அது ஒரு போன். வீட்டில் இருந்தவர்களின் போன்களை ஒவ்வொன்றாக எடுத்து வைஃபை விவரத்தைத் திறந்து பார்த்தோம்.

"அப்பா போன்தான் மாமா!" என்றான்.

அக்கா வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து சாயங்காலம் வந்ததும் போன் தானாக வைஃபையில் ஏறும். பனி இறங்குவதும் அதே நேரம்தான். வீட்டில் எல்லோரும் பனியைப் பார்த்தார்கள், போனை யாரும் பார்க்கவில்லை.

இது எப்படி நடக்கிறது என்றால், ரூட்டர் வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுக்க ஓர் எண் வரம்பு வைத்திருக்கிறது. எங்கள் ரூட்டரில் அது 192.168.1.2-இல் ஆரம்பித்தது. கன்சோலில் நாம் கையால் எழுதிய 10 அந்த வரம்புக்குள்ளேயே இருக்கிறது. அதை நாம் எடுத்துக்கொண்டோம் என்று ரூட்டருக்கு யாரும் சொல்லவில்லை. கன்சோல் அணைந்திருக்கும் நேரத்தில் போன் வந்து கேட்டால், அந்த எண் காலியாகத்தான் தெரியும், எடுத்துக் கொடுத்துவிடும். ஒருமுறை கொடுத்த கருவிக்கு அதே எண்ணைத் திரும்பத் திரும்பத் தருவதுதான் ரூட்டர்களின் பழக்கம். எனவே தினமும் சாயங்காலம் அதே மோதல். இரண்டு கருவிகளுக்கும் ஒரே எண் இருந்தால், சர்வர் அனுப்பும் தகவல் துண்டுகள் (பாக்கெட்டுகள்) சில நேரம் இங்கே போகும், சில நேரம் அங்கே போகும். தொடர்பு அறுவதற்கு வேறென்ன வேண்டும்?

சரிசெய்வது எளிது. ரூட்டரின் பக்கத்தில் போய், தானாகக் கொடுக்கும் வரம்பை 192.168.1.100-இல் தொடங்கும்படி மாற்றினேன். பைக்கு 20, கன்சோலுக்கு 21 என்று வரம்புக்குக் கீழே நிலையான எண்கள். சாம்பாவில் எழுதிய அனுமதி வரியிலும் 21. பிறகு ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, எல்லாப் போன்களிலும் வைஃபையை அணைத்து இயக்கினோம், பழைய எண்ணைப் பிடித்து வைத்திருப்பவை விடட்டும் என்று. கரண்ட் அடிக்கடி போகிற ஊரில் சர்வருக்கு நிலையான எண் கொடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒவ்வொரு தடவை ரூட்டர் எழுந்திருக்கும்போதும் சர்வரின் முகவரி மாறிப்போய், ஓபிஎல் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்காது.

சாயங்காலக் கோளாறு அன்றோடு ஒழிந்தது. மழைக் கோளாறு மட்டும் மிச்சம்.

பட்டியல் வருகிறது, விளையாட்டு உறைகிறது. இதை யோசித்துப் பார்த்தால் ஒரு துப்பு கிடைக்கும். பட்டியலுக்குக் கொஞ்சம் தகவல் போதும். விளையாட்டை ஏற்றப் பெரிய பெரிய பாக்கெட்டுகள் நிற்காமல் வர வேண்டும். நல்ல மழை நாளில் பையிலிருந்து கன்சோலுக்கு முதலில் சாதாரணப் பிங் அடித்தேன்; அநேகமாக எல்லாமே திரும்பி வந்தன. பிறகு ஒவ்வொரு பாக்கெட்டையும் 1400 பைட் அளவாக்கி அடித்தேன். இடையிடையே சில பாக்கெட்டுகள் திரும்பி வரவே இல்லை. 1400 பைட் என்றால் பதினோராயிரம் பிட்டுகளுக்கு மேல். அதில் ஒரு பிட் புரண்டாலும் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை ஒத்துப்போகாது, பெறும் கருவி முழுப் பாக்கெட்டையும் தூக்கி எறிந்துவிடும். சின்னப் பாக்கெட்டுக்கு அந்த ஆபத்து குறைவு. நெட்வொர்க் கோளாறு என்றாலே பிங் அடித்துப் பார்த்து "அதெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று நிறுத்திவிடுகிறவர்கள், பாக்கெட் அளவைக் கூட்டி ஒருமுறை பார்க்க வேண்டும்.

கன்சோலையும் சின்ன டிவி ஒன்றையும் தூக்கிக்கொண்டு போய் ரூட்டர் பக்கத்தில் வைத்து, ஒரு மீட்டர் கேபிளில் கோத்தேன். அதே மழை, அதே 1400 பைட் பிங். ஒன்றுகூடத் தவறவில்லை. விளையாட்டும் தங்குதடையில்லாமல் ஓடியது. கன்சோல், பை, ரூட்டர் மூன்றும் குற்றமற்றவை. கூரையோரம் ஓடும் கேபிள்தான்.

உறுதிப்படுத்த இன்னொரு சோதனை செய்தேன். ஓபிஎல் நெட்வொர்க் அமைப்பில் லேன் கேபிள் இணைப்பான ஈதர்நெட்டின் வேகத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம்: தானியங்கி, 100 முழு டூப்ளெக்ஸ், 100 அரை, 10 முழு, 10 அரை. முழு டூப்ளெக்ஸ் என்றால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பலாம், அரை என்றால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். நீளக் கேபிளில் திரும்பக் கோத்து, 10 மெகாபிட் அரை டூப்ளெக்ஸ் வைத்தேன். பெரிய பிங்கும் தவறாமல் வந்தது. வேகம் குறைந்தால் கேபிளில் ஓடும் சைகையின் அதிர்வெண்ணும் குறைவு, நலிந்த கேபிள்கூட அதைத் தாங்கிவிடும். 10-இல் ஓடி 100-இல் விழுந்தால் கம்பியிலோ முனையிலோதான் கோளாறு என்று அடித்துச் சொல்லலாம். ஆனால் அப்படியே விட்டுவிட முடியாது. அந்த வேகத்தில் வீடியோக் காட்சிகள் யூஎஸ்பியில் விக்கியதைப்போலவே விக்கும்.

இந்த இடத்தில் ஏன் 10 முழு டூப்ளெக்ஸ் வைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும், பலர் தடுமாறுவது இங்கேதான். கன்சோலில் நாம் முழு டூப்ளெக்ஸ் என்று கட்டாயப்படுத்தினால், அது ரூட்டரோடு பேரம் பேசுவதை நிறுத்திவிடும். ரூட்டரின் போர்ட் தானியங்கி நிலையில் இருக்கிறது. எதிர்ப்பக்கம் பேசவில்லை என்றால் அது வேகத்தை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டு, டூப்ளெக்ஸை அரை என்று வைத்துக்கொள்ளும். விதியே அப்படித்தான். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் ஒரு வளைவை மேலிருந்து வருபவர் இருவழி என்றும் கீழிருந்து வருபவர் ஒருவழி என்றும் நினைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கே பாக்கெட்டுகளுக்கு ஆகும். இணைப்பு விளக்கு எரியும், பட்டியல் வரும், ஆனால் பெரிய தகவல் ஓட ஆரம்பித்ததும் மோதி மோதிச் சாகும். ஆகவே சோதனைக்கு மாற்றுவதென்றால் அரை டூப்ளெக்ஸ், சோதனை முடிந்ததும் திரும்பத் தானியங்கி. "வேகமா இருக்கும்" என்று 100 முழு வைக்கச் சொல்லும் யோசனையைச் சாதாரண வீட்டு ரூட்டரோடு கேட்க வேண்டாம்.

இப்போது கேபிள். கேபிள் டெஸ்டரை மாட்டிப் பார்த்தால் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்தன. அது சொல்வதெல்லாம் கம்பி அறுந்திருக்கிறதா இல்லையா என்பது மட்டும். 100 மெகாபிட் சைகை சிதையாமல் போகுமா என்று அதற்குத் தெரியாது. எட்டு விளக்கைப் பார்த்துக் கேபிளுக்கு நற்சான்று கொடுத்துவிடக் கூடாது.

மழை விட்ட நேரத்தில் ஏணி போட்டு ஏறினேன். கூரை ஓரத்தில், தகரத்திலிருந்து நீர் சொட்டும் இடத்துக்கு நேர் கீழே அந்தக் கப்ளர். மேலே சுற்றியிருந்த இன்சுலேஷன் டேப் பசை விட்டு உரிந்து, உள்ளே தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தது. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தங்க நிறத்தில் இருக்க வேண்டிய எட்டுப் பற்களில் மூன்றாவதிலும் ஆறாவதிலும் பச்சைக் களிம்பு ஏறி, பல்லின் விளிம்பே தெரியவில்லை. பக்கத்துப் பற்களிலும் லேசாகப் பூத்திருந்தது. வெயில் நாளில் காய்ந்து ஓரளவு ஒட்டிக்கொள்ளும், மழையில் ஊறியதும் ஈரமே பற்களுக்கிடையே பாலம் போட்டுவிடும். காலண்டர்படி வந்த கோளாறின் விளக்கம் அங்கே கண்ணெதிரே இருந்தது.

100 மெகாபிட் ஈதர்நெட் எட்டுக் கம்பிகளில் நான்கை மட்டுமே பயன்படுத்துகிறது: ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு. வழக்கமான நிற வரிசையில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும். கெட்டுப்போனது பச்சை ஜோடி. நீல ஜோடியும் பழுப்பு ஜோடியும் இந்த வேகத்தில் சும்மாதான் கிடக்கின்றன. புதுக் கேபிள் கையில் இல்லாததால் கப்ளரை வெட்டி எறிந்து, கொஞ்சம் உள்ளே தள்ளி நல்ல கம்பி தெரியும் வரை சீவி, பச்சை ஜோடிக்குப் பதிலாக நீல ஜோடியை எல்லா முனைகளிலும் மூன்றிலும் ஆறிலும் வைத்துப் பிளக்கைக் கிரிம்ப் செய்து (கருவியால் அழுத்திப் பொருத்தி), வேறொரு கப்ளரில் சேர்த்தேன். இது தற்காலிக ஏற்பாடு, கிகாபிட் கருவிக்கு உதவாது. ஆனால் பிளேஸ்டேஷன் 2-க்குத் தாராளமாகப் போதும். அன்றே விளையாட்டு ஓடியது.

கம்பியைச் சீவும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. வெளியே செம்பு நிறம், பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி. விலை குறைவு என்று கடையில் தருவது பெரும்பாலும் இதுதான். ஈரம் பட்டால் முனைகளில் சீக்கிரம் அரித்துவிடும், இரண்டு தடவை வளைத்தால் முறியும். மலையில் வீட்டுக்கு வெளியே இழுக்க இது லாயக்கில்லை. கோயம்புத்தூர் போனபோது காந்திபுரத்தில் முழுச் செம்புக் கம்பி, வெளிப்புறத்துக்கான கறுப்பு உறை என்று கேட்டு, கடையிலேயே ஒரு முனையைச் சுரண்டிப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை, "பார்த்து வாங்குங்கண்ணா, அதுதான் சரி" என்றார்.

புதுக் கேபிளை நடுவில் ஒட்டே இல்லாமல் ஒரே நீளமாக இழுத்தேன். கூரை ஓரத்தை விட்டுவிட்டு, பரண் வழியாகப் பிவிசி குழாய்க்குள் விட்டேன். பரணில் எலித் தொல்லை உண்டு. சுவருக்குள் நுழையும் இடத்தில் கேபிளைத் துளைக்குக் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலேற்றி உள்ளே விட்டிருக்கிறேன். கேபிளோடு வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. துளையை எம்-சீல் வைத்து அடைத்தேன். கிரிம்ப் செய்யும்போது ஜோடிகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கவில்லை. பிளக்கின் பின்பக்கக் கடிவாய் கம்பிகளைக் கடிக்காமல் வெளி உறையைக் கடிக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். உறை வெளியே நின்றுவிட்டால், யாராவது காலால் இழுக்கிற அன்றைக்கே கம்பி கழன்றுவிடும். கன்சோலின் லேன் போர்ட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் பற்களையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்துக் காயவிட்டேன்.

தானியங்கி வேகத்தில், கொட்டும் மழையில், 1400 பைட் பிங் அத்தனையும் திரும்பி வந்தது. வீடியோக் காட்சிகளும் விக்கவில்லை.

இடியைப் பற்றி ஒரு வார்த்தை. ஐப்பசி மதியங்களில் இங்கே இடி பலமாக இருக்கும். எல்லோரும் கரண்ட் பிளக்கைப் பிடுங்குவார்கள், லேன் கேபிளை அப்படியே விட்டுவிடுவார்கள். நீளமாக ஓடும் செம்புக் கம்பி மின்னலின் தூண்டலை வாங்கி நேரே போர்ட்டுக்குள் இறக்கும். இந்தக் கன்சோலுக்குப் புது போர்டு எங்கும் கிடைக்காது. வானம் உறுமினால் கன்சோல் பக்கமும் ரூட்டர் பக்கமும் லேனைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன், அக்கா மகனும் செய்கிறான்.

எல்லாம் முடிந்த பிறகும் ஒரு கார் பந்தய விளையாட்டு மட்டும் முதல் பந்தயம் தொடங்கும் இடத்தில் உறைந்தது. "இன்னும் கேபிள் சரியாகலையா மாமா?" என்று கேட்டான். கன்சோலை மறுபடி ரூட்டர் பக்கத்தில் கொண்டுபோய்க் குட்டைக் கேபிளில் போட்டோம். அங்கேயும் அதே இடத்தில் உறைந்தது. நெட்வொர்க் கோளாறு என்றால் உறையும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். எந்தக் கேபிளிலும் ஒரே இடத்தில் நின்றால் அது விளையாட்டுக்கும் ஓபிஎல்லுக்கும் இடையிலான பொருத்தச் சிக்கல். அந்த விளையாட்டின் பொருத்த அமைப்பில் முதலாவது முறையை, டிஸ்க் வேகத்திலேயே துல்லியமாகப் படிக்கச் சொல்வதை, இயக்கிச் சேமித்தோம். இப்போது அதுவும் ஓடுகிறது.